யப்பான்காரன் பிந்தி வந்த கதை

உய்ய்ங் என்று ஒரு கூவல். குக்கர்தான் என்று நினைத்து, லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அரியரத்தினம் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

கூவல் நிற்கவில்லை. முன்னறையை எட்டிப் பார்த்தால், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மூன்று கண் வேற்றுக்கிரகத்தார் தோக்கியோவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரெஞ்சு பேசுகிற ஒரு குளிர்நாட்டு நகரம்; அதன் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசற். படம் யப்பான்காரனுடையது, பேச்சு பிரெஞ்சு, தமிழ் விளக்கம் மேல்வீட்டு ஆனந்தராசா.

"மூண்டு கண்ணன் அடையாள அட்டை கேக்கிறான். எங்கட ஆள் நீட்டுறான். ஆனா அதில அடிச்சிருக்கிற வருசம் இன்னும் வரேல்லை. கள்ள அட்டையெண்டு பிடிக்கினம்."

ஞானாம்பிகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரியரத்தினம் வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருப்பவள். அவள் சிரித்து நாலு மாதமிருக்கும். புருஷன் கொழும்பில் ஒரு லொட்ஜில் அடைந்து கிடக்கிறான். அவனைக் கூப்பிடுவதற்கு நாளைக் காலை குடிவரவு அலுவலகத்தில் அவளுக்கு இன்ரவியூ. கேள்வி பிரெஞ்சில் வரும். கூடப்போய் மொழிபெயர்க்கப் போகிறவன் இதே ஆனந்தராசா.

அதனால்தான் அரியரத்தினம் அவன் விளக்கத்தை ஒவ்வொரு சொல்லாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதமாக இரவு வேலை முடித்து, கண் எரிய எரிய, அவர் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார். நாக்கு வளையாவிட்டாலும் காது கொஞ்சம் திறந்திருந்தது. மூன்று கண்ணன் எந்த அட்டையும் கேட்டதாக அவருக்குத் தெரியவில்லை. பாரிசில் மூன்று வருசம் கோப்பை கழுவினேன், பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு என்று ஆனந்தராசா சொல்லித் திரிந்தான். இந்த ஊரில் எல்லாரும் வருகிற வழியில் எங்காவது பெரிய ஆளாக இருந்ததாகச் சொல்லுகிறவர்கள்தான் என்று அரியரத்தினம் அதை நம்பியதேயில்லை.

படத்தில் கதாநாயகன் காலத்தைக் கிழித்துக்கொண்டு பன்னிரண்டு வருசம் பின்னால் போய், தன் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தான். மனைவி தரையில் கண்மூடிக் கிடந்தாள். பக்கத்தில் குந்தி, "த்ரோ தார்" என்றான்.

அது முதல் வாரத்துப் பாடம். பிந்திப்போச்சு என்று அர்த்தம்.

"நேரத்துக்கு வந்திட்டன் எண்டு சொல்லுறான்," என்றான் ஆனந்தராசா. "மனிசி பாவம், களைச்சு நித்திரை."

அரியரத்தினம் அவனைக் குசினிக்குக் கூப்பிட்டார். படத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லலாம், நாளைக்கு அப்படிச் சொன்னால் ஒரு குடும்பமே நாசம் என்றார். வேறு ஆளைப் பிடிக்கிறேன், நீ போகவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஆனந்தராசா கதவைச் சாத்தினான். பிறகு யப்பான்காரன் பேசியது முழுவதையும், வகுப்பு ரீச்சரைவிட வேகமான பிரெஞ்சில், ஒப்புவித்தான். அரியரத்தினத்துக்குப் பாதி விளங்கவில்லை. அவருக்காகத் தமிழிலும் சொன்னான்: இவ்வளவு காலம் கடந்து வந்தும் பிந்திவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்.

"உந்த வார்த்தையை, இன்ரவியூவுக்கு முதல்நாள், அந்தப் பிள்ளைக்கு முன்னால நான் என்னண்டு அண்ணை சொல்லுறது?"

நாளைக்கு நீயே போ என்றார் அரியரத்தினம்.

ஆனந்தராசா முன்னறைக்குப் போனபோது படத்தில் மனைவியின் சவப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். குளிர் பிடிக்காமல் மூடுகினம், இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவினம் என்று விளக்கம் தொடர்ந்தது.

சற்று நேரத்தில் ஞானாம்பிகை தண்ணீர் குடிக்க வந்தாள். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தபடி இருந்தது.

"ராசாண்ணையை ஏசினனீங்களோ?"

இல்லைப் பிள்ளை என்றார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தையல் ஃபக்டரியில நான் படிச்ச முதல் பிரெஞ்சே 'த்ரோ தார்'தான் அண்ணை. பஸ் பிந்துற நாளெல்லாம் சூப்பர்வைசர் மனிசி அதைத்தான் சொல்லுறவ. எனக்கு விளங்கினது அவருக்குத் தெரியவேண்டாம். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த யப்பான்காரியை உயிரோட வைச்சிருக்கிறார்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்களாம் என்று கேட்டபடியே முன்னறைக்குப் போனாள்.

அரியரத்தினம் கத்தியை எடுத்து மிச்ச லீக்ஸை வெட்டத் தொடங்கினார்.