மேப்பிள் செட்

"மம்மதுவே தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். அவன் சொல்லுத டிரம் செட்டைத்தான் வாங்குதோம்" என்று சொல்லிவிட்டார் பாத்திரக்கடை சங்கரபாண்டி.

இது தனக்கு வைத்த சோதனை என்று பட்டது மம்மதுவுக்கு.

சங்கரபாண்டி கடை நேரம் போக மெல்லிசைக் குழு நடத்துகிறவர். பாடுவதும் அவர்தான். மம்மது அந்தக் குழுவின் டிரம்மர், பகலில் விசைத்தறி. வருஷக்கணக்கான தறிச் சத்தம் அவன் காதைத் தின்றுவிட்டது. தறிக்கொட்டகையில் எல்லோரும் சத்தமில்லாமல் வாயை அசைத்து, உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அந்தப் பழக்கத்தில்தான் வெளியிலும் யாருக்கும் தெரியாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

தெரிந்தால் குழுவில் இடம் கிடையாது. மேடையும் போய்விட்டால் அப்புறம் தறி ஒன்றுதான் வாழ்க்கை.

ஆர்கன் வாசிக்கும் துரைப்பாண்டி வேறு, தன் மச்சினனை டிரம்ஸில் உட்காரவைக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சினன் என்றால் சும்மாவா! சங்கரபாண்டி அண்ணாச்சியும் ஒரு வருஷமாகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மம்மது முகத்தையே பார்த்துப் பாடுகிறார். சந்தேகம் வந்துவிட்டது, இன்றைக்குப் பிடித்துவிடுவார் என்று மம்மது நினைத்தான். ஆனாலும் அவன் விடுவதாக இல்லை. வரும் ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரிக்கு டிரம்ஸ் ஸ்டூலில் அவன்தான் உட்காருவான்.

மைக்செட் பரமசிவன் கடையில் இரண்டு டிரம் செட் இருந்தன. ஒன்று பளபளக்கும் சிவப்பு. புதுசு. மற்றது மேப்பிள் மரத்தில் செய்த பழைய சீமைச் செட். மேலே கீறலும் அழுக்குமாக இருந்தது. சிவப்புதான் மேடைக்கு எடுப்பு என்றான் துரைப்பாண்டி.

மம்மது இரண்டிலும் ஒவ்வொரு டிரம்மின் தோலைக் கழற்றி, விளிம்பைக் கண்ணாடி மேஜையில் கவிழ்த்து வைத்துக் குனிந்து பார்த்தான். சிவப்பில் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது; விளிம்பு கோணல். மேப்பிள் கச்சிதமாக உட்கார்ந்தது.

தோலை மாட்டி முறுக்கி, ஒரு கையால் அடித்து மறு கையை மரத்தில் வைத்தான். சிவப்பு அதிர்ந்த வேகத்தில் அடங்கியது. மேப்பிளில் அதிர்வு உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வந்து நின்றது. பெரிய டிரம்மை மிதித்தான். நெஞ்சில் வந்து மோதியது. மனசு குளிர்ந்துவிட்டது அவனுக்கு.

நிமிர்ந்தபோது பரமசிவன் அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று துரைப்பாண்டி ஏதோ கேட்டிருக்கிறான், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். மம்மது திரும்பப் போனான்.

அதற்குள் சங்கரபாண்டி அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"சிவப்பா, மேப்பிளா? எதுக்குன்னும் சொல்லு."

மற்றவர் பேச்செல்லாம் மங்கிப்போனாலும் அண்ணாச்சி பேச்சு மட்டும் எப்போதும் தெளிவாகப் புரியும். வாயைத் திறந்து நிறுத்திப் பேசுவார்.

"மேப்பிள்தான் அண்ணாச்சி. சிவப்புக்கு விளிம்பு கோணல், சுருதி நிக்காது. இது உடம்போட பேசுது."

துரைப்பாண்டி முன்னால் வந்து அண்ணாச்சியையும் மம்மதுவையும் மாறி மாறிப் பார்த்தான். பரமசிவன்தான் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் உதட்டில் மம்மது அதைப் படித்தான்.

"என்ன அண்ணாச்சி, வாயை மட்டும் அசைக்கிய, சத்தமே வரலையே. இவனுக்கு எப்படி வெளங்கிச்சு?"

"தொண்டை கட்டியிருக்கு வே. செட்டை வண்டியில ஏத்தும்."

இதைச் சொல்லும்போது சங்கரபாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. அத்தனை சத்தம் போட்டிருக்கிறார்.

தன்னிடம் பேசும்போது அந்த நரம்பு புடைத்து மம்மது ஒரு வருஷமாகப் பார்த்ததே இல்லை. தறிக்கொட்டகைக்காரர்களைப் போல வாயை மட்டும்தான் அசைத்திருக்கிறார்.