கழுத்தறுப்பு

"ஒரு வாய்க்கு எதுக்கு ரெண்டு ரெகுலேட்டர்?"

அண்ணன் கேட்ட கேள்விக்கு கடைக்காரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டாங்க.

அண்ணன் கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்றவரு. சிலிண்டர், டியூப், ரெகுலேட்டர்னு நாள் பூரா மல்லுக்கட்டுற ஆளு. கடலுக்குள்ள முங்குறவங்களுக்குச் சாமான் விக்கிற இந்தக் கடைக்குள்ள நுழைஞ்சதும் மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிட்டாரு. எல்லாத்தையும் தொட்டுப் பாக்கறாரு, எல்லாத்துலயும் குத்தம் சொல்றாரு.

வந்தது சும்மா இல்ல. தங்கச்சியும் மாப்பிள்ளையும் அடுத்த வாரம் கடலடியில கிடக்கற ஒரு பழைய கப்பலைப் பாக்கப் போறாங்க. "அவ்ளோ ஆழத்துக்கு அந்த மனுஷனை நம்பி எப்படிடா அனுப்புறது? நீ போய்ப் பாரு, நீ சரின்னா சரி"ன்னு அம்மா அண்ணன் தலையில கட்டிட்டாங்க. அம்மா மனசு கலங்குனா தங்கச்சி குளத்துலகூட இறங்க மாட்டா.

"இத்தனை நாள் இவங்க போனது ஒத்த டேங்க்"ன்னாங்க கடைக்காரம்மா. "மூச்சு இழுக்க வாயில ஒரு ரெகுலேட்டர். பக்கத்துல மஞ்சக் கலர்ல உபரியா ஒண்ணு தொங்கும். கூட வர்றவங்களுக்குக் காத்து தீந்துட்டா அந்த மஞ்சளைக் குடுக்கணும். இப்ப ஆழம் ஜாஸ்தி, அதனால முதுகுல ஜோடி டேங்க். ஒவ்வொண்ணுலயும் தனித்தனி ரெகுலேட்டர். ஒண்ணு மக்கர் பண்ணா அதை மூடிட்டு இன்னொண்ணுல வந்துரலாம்."

"அட, வீட்டுல ரெண்டு சிலிண்டர் வச்சுக்கற மாதிரி!"

"அதேதான்."

"அப்பவும் அந்த ரெண்டாவது ரெகுலேட்டர் கூட வர்றவங்களுக்குத்தானா?"

அதுக்குள்ள போன் மணி அடிக்க, கடைக்காரம்மா உள்ள போயிட்டாங்க.

தங்கச்சிக்குப் போன வாரமே வாங்கியாச்சு. இன்னிக்கு மாப்பிள்ளை முறை, தங்கச்சியும் கூட வந்திருந்தா. அவரு ஒவ்வொண்ணா வாயில வச்சு ஊதி இழுத்துப் பாத்தாரு. ஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்.

"இது பஞ்சு மாதிரி இழுக்குது. இதுவே என் வாய்க்கு. டியூப் மட்டும் நல்லா நீளமா போடுங்க"ன்னாரு, திரும்பி வந்த கடைக்காரம்மாகிட்ட.

"ரெண்டாவது?"

"அது சுமாரானதே போதும். கழுத்துல ரப்பர் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கறேன்."

அண்ணன் தங்கச்சியை ஓரமா இழுத்தாரு.

"கேட்டியா? நல்லது அவரு வாய்க்காம். உனக்குக் காத்து தீந்தா சுமாரானதாம்!"

"ஐயோ அண்ணே, அது..."

"நீ வாயை மூடு. 'பஞ்சு மாதிரி இழுக்குது, இதுவே என் வாய்க்கு!'" மாப்பிள்ளை குரல் அப்படியே வந்துச்சு, மூக்கால பேசுறது உட்பட. "டியூப் வேற ஆள் உசரத்துக்கு மேல! முதுகுக்கும் வாய்க்கும் எவ்ளோ தூரம்? இவரு என்ன, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறாரா?"

கடைக்காரம்மா ஜோடி டேங்கை பெஞ்சு மேல வச்சு எல்லாத்தையும் மாட்டிக் குடுத்தாங்க. மாப்பிள்ளை அது முன்னாடி உக்காந்து நல்லதை வாயில கவ்விக்கிட்டாரு. சுமாரானது கழுத்துல தொங்குச்சு. ஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்.

அப்பதான் அம்மா போன் பண்ணாங்க.

"பாத்துட்டேம்மா. சரிப்பட்டு வராது"ன்னாரு அண்ணன்.

தங்கச்சி முகம் செத்துப்போச்சு.

"ம்ம்ம்?"ன்னாரு மாப்பிள்ளை, வாய் நிறைய ரப்பரோட.

"நல்லதைத் தனக்கு எடுத்துக்கிட்டாரும்மா! நம்ம புள்ளை நடுக்கடல்ல மூச்சு முட்டி நின்னா, இவரு..."

மாப்பிள்ளையை முறைச்சுப் பாத்து, கையைக் கத்தி மாதிரி விறைச்சு, தன் தொண்டைக்குக் குறுக்கே ஒரு இழு இழுத்தாரு. இப்படிக் கழுத்தறுத்துட்டியேய்யான்னு அர்த்தம்.

அவ்ளோதான். மாப்பிள்ளை பாய்ஞ்சு எழுந்தாரு. வாயில இருந்ததைப் பிடுங்கி அண்ணன் வாயில திணிச்சாரு. அதே வேகத்துல தலையைக் குனிஞ்சு கழுத்துல தொங்குனதைக் கவ்விக்கிட்டாரு. ஒரு கை அண்ணன் தோளை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. 'பயப்படாதீங்க மச்சான், மெதுவா இழுங்க'ன்னு கண்ணாலயே சொல்றாரு.

ஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ். இந்தப் பக்கம் அண்ணன்.

ஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ். அந்தப் பக்கம் மாப்பிள்ளை.

கடைக்காரம்மா பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. தங்கச்சிக்குச் சிரிப்புல கண்ணு கலங்கிருச்சு.

"அண்ணே, நீ காட்டுன சைகைக்குத் தண்ணிக்குள்ள அர்த்தமே வேற. 'எனக்குக் காத்து தீந்துபோச்சு'ன்னு அர்த்தம். அதைப் பாத்தா இவரு யோசிக்கவே மாட்டாரு. கை தானா வந்துரும். ஜோடி டேங்க்ல வாயில இருக்கறதைக் குடுக்கறதுதான் முறை."

அண்ணன் கண்ணைத் தாழ்த்திப் பாத்தாரு. தன் வாயில இருக்கறது நல்லது. நிமிர்ந்து பாத்தாரு. மாப்பிள்ளை வாயில இருக்கறது சுமாரானது. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த நீள டியூப். இன்னும் நாலு அடி தள்ளி நின்னாலும் எட்டும்.

"டேய், என்னடா அங்க புஸ்ஸு புஸ்ஸுன்னு? பாம்பா?" போன்ல அம்மா அலறுனாங்க.

அண்ணன் வாயில இருந்ததை மெதுவா எடுத்து, சட்டையில துடைச்சு, மாப்பிள்ளை கையில குடுத்தாரு.

"பாம்பு இல்லம்மா, உன் மாப்பிள்ளை. தைரியமா அனுப்பு."

"நல்லதை அவரே எடுத்துக்கிட்டாருன்னியேடா?"

"ஆமாம்மா. நம்ம புள்ளைக்குத் தன் வாயில இருந்து பிடுங்கிக் குடுக்கறது, நல்லதா இருக்க வேண்டாமா?"