நாற்பத்து நான்கு நாள் விடுப்பு

எழுதிப் பழக்கமில்லாத நான் வாசகர்களின் பொழுதை எடுத்துக்கொள்வதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். எங்கள் ஆலையின் கூட்டுக்குழுவில் கூட்டக் குறிப்பு எழுதுபவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. குறிப்பேட்டில் இடம்பெறாத ஒன்றை மட்டும், பொறுத்தருள்வீர்கள் என்ற துணிவில், இங்கே பதிவு செய்கிறேன்.

"அடேயப்பா! போட்டோ எடுக்கப் போறாங்கன்னதும் ஜார்லத் கோட்டு மாட்டிட்டு வந்துட்டாரு, பாருங்க!" என்றாள் கான்செப்டா.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டு ஆண்டுகளாகப் பாலாடைக்கட்டித் தொட்டிகளின் அருகே ரப்பர் பூட்ஸுடன் மட்டுமே நாங்கள் பார்த்திருந்த ஜார்லத், அன்று கருநீலக் கோட்டும் சலவைச் சட்டையுமாக வந்திருந்தார்.

"கல்யாணத்துக்குத் தைச்சதா? பட்டன் பாவம், கதறுதே!" என்றார் மேலாளர் மலாக்கி.

"அதே கோட்டுதான்" என்றார் ஜார்லத்.

சரியாக ஏழு வாரங்களுக்கு முன், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி மலாக்கியின் மேசை முன் நின்றார். மனைவி நூவாலாவுக்குப் புற்றுநோய். டப்ளின் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வந்ததிலேயே அவருடைய விடுப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது.

"ஒரு வாரம் குடுத்தாப் போதும் மலாக்கி. பகல்ல அவ தனியா கிடக்குறா."

மலாக்கி "கிளம்புங்க" என்று சொல்ல வாயெடுத்தார். அருகிலிருந்த தொழிலாளர் பிரதிநிதி கான்செப்டா குறுக்கிட்டாள்.

"நீங்க மனசு வச்சாத்தான் லீவுன்னா, அப்புறம் குழு எதுக்கு? இன்னிக்கு இவருக்குக் குடுப்பீங்க. நாளைக்கு உங்களுக்கு ஆகாதவன் வந்து நின்னா?"

அவள் சொன்னதில் தவறில்லை. பதினொரு வார வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பிறந்த குழு அது. நிர்வாகத்தில் நால்வர், தொழிலாளரில் நால்வர். தனிச்சலுகை எவருக்கும் கிடையாது, எதுவானாலும் எட்டுப் பேரும் ஒப்ப வேண்டும் என்பதே அதன் முதல் விதி.

"சலுகை வேணாம் ஜார்லத், உரிமையாவே வாங்கித் தர்றேன்" என்றாள் கான்செப்டா. அந்தக் குழுவில் ஜார்லத்தும் ஒருவர். அவர் தலையசைத்தார்.

திட்டம் அழகானது. தொழிலாளர்கள் தங்கள் விடுப்பு நாளை, வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் தோழருக்குத் தரலாம். அவர்கள் தரும் ஒவ்வொரு நாளுக்கும் நிர்வாகம் ஒரு நாள் சேர்க்கும். இரு தரப்பும் மனதார வரவேற்றன.

ஆயினும் செவ்வாய்தோறும் எவரேனும் ஓர் ஐயத்தை எழுப்பினர். தற்காலிகத் தொழிலாளிக்கும் உண்டா? மருத்துவச் சான்று எத்தனை நாளுக்கு ஒன்று?

"மாமியார் படுத்தாலும் உண்டா?" என்று ஒரு வாரம் மலாக்கி கேட்டார்.

"உங்க மாமியாரா? அவங்க படுத்தா உங்களுக்கு வீடே நிம்மதியாச்சே, லீவு எதுக்கு?" என்றாள் கான்செப்டா. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நேரம் முடிந்து, மாமியார் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போனார்.

ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீர் வந்ததும் ஜார்லத் எழுந்து, கதவருகே உள்ள தொலைபேசியில் தாழ்ந்த குரலில் வீட்டுக்குப் பேசுவார். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்பார்.

"இன்னிக்கு முடிஞ்சிடுமா?"

"அவசரப்பட்டா விதியில ஓட்டை விழுந்துரும் ஜார்லத். எல்லாம் உங்களுக்காகத்தானே!" என்பார் யாரேனும் ஒருவர்.

இதற்கிடையில் கான்செப்டா பிஸ்கட் டப்பாவுடன் ஷிப்டு ஷிப்டாக அலைந்து, இருபத்திரண்டு பேரிடம் ஆளுக்கொரு நாள் எழுதி வாங்கினாள். மலாக்கியும் இருபத்திரண்டு சீட்டுகளில் கையெழுத்திட்டு அதில் போட்டார்.

இவ்வாறாக ஏழாவது கூட்டம் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர் வெளியே காத்திருந்தார். தேநீர் வந்தபோது ஜார்லத் தொலைபேசிப் பக்கம் போகவில்லை. கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

ஒப்பந்தம் கைமாறிக் கைமாறி எட்டாவதாக அவரிடம் வந்தது. ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, நிதானமாகக் கையெழுத்திட்டார்.

"நல்ல ஏற்பாடு. இனிமே வர்றவங்களுக்கு உதவும்."

மலாக்கி எழுந்து அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். கான்செப்டா கண்களைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவை அவர் முன் நகர்த்தினாள்.

"நாப்பத்திநாலு நாள் ஜார்லத்! போட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே வீட்டுக்குக் கிளம்புங்க. நாங்க எல்லாரும் விசாரிச்சோம்னு நூவாலாகிட்ட சொல்லுங்க."

ஜார்லத் டப்பாவைத் திறந்தார். மூன்று சீட்டுகளை மட்டும் எண்ணி எடுத்துக் கோட்டுப் பையில் வைத்தார். மூடியை அழுத்திச் சாத்தி, டப்பாவை அவளிடமே திருப்பித் தள்ளினார்.

"மூணு போதும் கான்செப்டா. இன்னிக்கு வீட்டுல கிடத்தியிருக்கோம். நாளைக்கு சர்ச்சு. வியாழக்கிழமை அடக்கம்."

அன்றைய குறிப்பில் நான் எழுத இயலாமற்போன கணக்கு இது. அவர் கேட்டது ஒரு வாரம். நாங்கள் கூடியது ஏழு முறை. சேர்ந்தவை நாற்பத்து நான்கு நாள்கள், எடுத்துக்கொண்டவை மூன்று. நூவாலா தனியாகக் கிடந்த பகல்கள், வாரம் ஐந்தாக, முப்பத்தைந்து.