ஒருவருக்கு மட்டும் மணி

“போன்லயும் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி ஓடுற ஈமெயில் ஆப் ஒண்ணு பார்த்துச் சொல்லுங்களேன்,” என்று சிங்கப்பூர் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் மனைவி சுகந்தி கேட்டபோது தயாளனுக்குத் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. நாலைந்தைப் போட்டுப் பார்த்து, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான்.

“இதுல ஒரே ஒருத்தர் மெயிலுக்கு மட்டும் மணி அடிக்க வைக்க முடியுமா?”

“முடியும். யாருக்கு?”

“முபாரக்னு ஒருத்தர். ஆபீஸ் விஷயம் லா.”

அன்றிலிருந்து தயாளனின் வயிறு எரிந்தது. கட்டிய கணவனின் மெயிலுக்கு இல்லாத மணி எவனோ ஒருவனுக்கு! அந்த ஆளுக்கு என்ன வயது, தலையில் முடி இருக்கிறதா என்றெல்லாம் யோசித்தான். சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு என்று கிளம்பியவள் ஒரு கீரைக்கட்டுகூட இல்லாமல் தெம்பனிஸ் வீட்டுக்குத் திரும்பினாள். குளிக்கப் போனாலும் போன் கூடவே போனது.

மறுவாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. சுகந்தி எச்சில் கையோடு ஓடிப்போய் போனை எடுத்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது, கண்ணும் கலங்கியது.

“போதும் நடிச்சது! யாருடி அந்த முபாரக்?” என்று சீறினான் தயாளன்.

“ஆஸ்பத்திரியில எனக்கு டெஸ்ட்டெல்லாம் ஏற்பாடு பண்ணவரு. முன்னாடியே சொன்னா நீங்க வேணாம்னு தடுப்பீங்கன்னுதான் மறைச்சேன்,” என்றாள் சுகந்தி. “என் கிட்னி உங்களுக்குப் பொருந்துதாம்ங்க.”

டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறித் தடித்துப்போன கையால் தயாளன் முகத்தை மூடிக்கொண்டான்.