மாலை இறக்குற வரைக்கும்

கிட்ட வந்து உக்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற சங்கதி இல்லீங்க.

ஓவேலி ரோட்டுல டீக்கடை வச்சிருக்கிற ஜானகியம்மாளைக் கொல்ல ஒருத்தன் வந்தான். அந்தம்மா அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாங்க.

வந்தவன் பேரு ராசு. கோயமுத்தூர்க்காரன். கூலிக்கு ஆளை முடிக்கறது தொழில். கார்த்திகை பொறந்ததும் கருப்பு வேட்டி, கழுத்துல ஐயப்பன் மாலை, காலுல செருப்பில்லாம கடை வாசல்ல வந்து நின்னான்.

"ஏனுங்க சாமி, இவ்வளவு தூரம்?" சுக்குக் காப்பியை நீட்டினாங்க ஜானகியம்மாள்.

மாலை போட்டவன் பொய் சொல்லக்கூடாதே. ராசு முழிச்சான்.

"உங்களை முடிக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்கம்மா."

"யாரு, ரிசார்ட் கட்டுறவரா?"

"ஆமாங்க. கடையை எழுதிக் குடுக்க மாட்டேங்கறீங்களாமா."

"இப்பவேங்களா?"

"ஐயோ, மாலை இருக்குதுங்கம்மா. மலைக்குப் போய்ட்டு வந்து, மாலையை இறக்கின பின்னாடிதான். செஞ்ச பாவமெல்லாம் தொலையோணும்னுதானுங்க மாலையே போட்டேன். உங்களோட நிறுத்திக்கறேன். அதுக்கப்புறம் கத்தியைத் தொடமாட்டேன்."

"நல்ல எண்ணந்தானுங்க. அதுவரைக்கும் எங்க சாப்பிடுவீங்க? கண்ட இடத்துல சாப்பிட்டா விரதம் கெட்டுப் போயிருமே."

கடைக்குப் பின்னாடி இருந்த ரூமைக் கழுவி விட்டாங்க. அவனுக்குன்னு தனிப் பாத்திரம் வச்சாங்க.

பக்கத்து எஸ்டேட் லயத்து வீட்டுல ஆண்டாயின்னு தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பொம்பளை. சிலோன்ல இருந்து வந்த குடும்பம். அவளுக்குப் பொறுக்கலை.

"புத்தி கெட்டுப் போச்சா அக்கா? பொலிசுக்குச் சொல்லு."

"சொன்னா இவனைப் பிடிப்பாங்க. அந்தாளு வேற ஒருத்தனை அனுப்புவான். அவன் மாலை போடாதவனா இருந்தா?"

வாசல்ல ராசு, கால்ல ஏறின அட்டையை நோகாம எடுத்துச் செடிக்குள்ள விட்டுக்கிட்டு இருந்தான்.

"அட்டைக்கெல்லாம் பாவம் பாக்கிறான். உனக்குப் பாக்க மாட்டானாமா?"

"அட்டையை முடிக்கறேன்னு அவன் யாருக்கும் வாக்குக் குடுக்கலையே, ஆண்டாயி."

காலங்காத்தால உறைபனியில பச்சைத் தண்ணி ஊத்திக்கிட்டு நடுங்குவான். ஜானகியம்மாள் அடுப்பைப் பத்த வச்சு, பக்கத்துல பலகையைப் போட்டு வைப்பாங்க. அவன் விறகு பிளந்து குடுத்தான். ஒழுகற தகரத்தை அடைச்சான். இருமுடியில அரிசி போட்டதும் அந்தம்மாதான்.

அவன் மலையேறப் போனதும் ஆண்டாயி ஓடி வந்தா. "இப்பவாவது எங்கிட்டாவது போயிரு அக்கா."

"போய்ட்டா கடை போயிரும்" ன்னுட்டு ஜானகியம்மாள் உளுந்தை ஊறப்போட்டாங்க.

மகரஜோதி பார்த்துட்டு, ராசு அரவணை டப்பாவோட வந்தான். முகத்துல தெளிவே இல்லை.

"அம்மா, மாலையைப் பெத்தவ கையால இறக்கோணும்பாங்க. எனக்கு அவ இல்லை. உங்க கையாலதான் சாப்பிட்டேன்... நீங்களே இறக்கி விடுங்க."

"இறக்கினா?"

"வாக்குக் குடுத்துட்டேனுங்களே."

"சரி. குனிங்க சாமி."

ஆண்டாயி கதவோரமா நின்னு வாயைப் பொத்திக்கிட்டா.

சரணம் சொல்லி மாலையைக் கழட்டி, பால் கிண்ணத்துல போட்டாங்க ஜானகியம்மாள். ராசு கண்ணை மூடினபடி குனிஞ்சே இருந்தான். நிமிர மனசே இல்லாதவன் மாதிரி.

மடியில முடிஞ்சு வச்சிருந்த, முருகன் டாலர் கோத்த பழனி மாலையை எடுத்து, அவன் நிமிர்றதுக்குள்ள அந்தக் கழுத்துல போட்ட ஜானகியம்மாள், "பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நாள் கிடக்குதுங்க சாமி, கையைக் கழுவிட்டு வாங்க" ன்னு இலையை விரிச்சாங்க.