ஒட்டடைக்கம்பு

"கீழ் வீட்டுல ஒட்டடைக்கம்பால இடிக்கிறாங்க. நம்ம கதை முடிஞ்சுது," என்றாள் டீச்சர் போனில், குரலை இறக்கி.

"என்ன பண்ணினே?" என்றான் கணவன், மருந்துக்கடையிலிருந்து.

"ஒண்ணும் பண்ணலை. நடந்துக்கிட்டிருந்தேன். உங்க போன் வந்துது, நின்னு எடுத்தேன். உடனே டொக் டொக்னு..."

நடந்தாள் என்றால் சும்மா நடை இல்லை. நடைத் தியானம்.

இரண்டு மாதம் முன்பு வகுப்புக்குள் நுழைந்தவள், நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, சாக்பீஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சமாகவும் புத்திமதியை நிறையவும் கொடுத்தார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே வெறுங்காலோடு மெதுவாக நடக்கணும். ஒரு அடிக்கு மூச்சை இழுக்கணும், அடுத்த அடிக்கு விடணும். நினைப்பு பாதத்தை விட்டு நகரக் கூடாது.

வைத்தியம் பலித்தது. கை நடுக்கம் நின்றேபோனது. ஆனால் வீடு பழசு, மாடித் தரை மரப் பலகை. வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் கிரீச் என்றது.

கீழே இருப்பதோ ஓனரம்மா. பிள்ளை பந்து தட்டியதற்காக முன்பு குடியிருந்தவர்களைக் காலி பண்ண வைத்த புண்ணியவதி. குழாய் சொட்டினால்கூடப் படியேறி வந்து நிற்பாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இப்போது காலில் மாவுக்கட்டு. பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப்போன கணவன், மாடிப்படி விளக்கை ஏன் அணைக்கவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினான். அதோடு இவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. மகளுடைய பள்ளிக்கூடம் அடுத்த தெரு. இந்த வாடகைக்கு இன்னொரு வீடு என்பது குதிரைக்கொம்பு.

மறுநாள் நடக்கும்போது குக்கர் விசிலடித்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று குழம்பைக் கிண்டினாள். டொக் டொக்.

"குழம்பு கிண்டுறதுகூடவா கேக்குது?" என்று ராத்திரி சாப்பிடும்போது புலம்பினாள். ஓனரம்மாவுக்குப் பாம்புச் செவி என்றான் கணவன். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லி யோசனையும் கொடுத்தான்.

போட்டாள். கிரீச்சிடும் பலகைகளை விட்டுவிட்டு, சுவர் ஓரமாகப் பூனை மாதிரி அடியெடுத்து வைத்தாள். மூச்சைக் கவனிப்பதா, பலகையைக் கவனிப்பதா? தியானம் போய்த் திருட்டு நடையானதுதான் மிச்சம். சத்தமே வராத அந்த நடைக்குத்தான் இடி பலமாக விழுந்தது. டொக் டொக் டொக்.

அன்றைக்கு அவளுக்குக் கை நடுக்கம் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த நாள் நடப்பதே வேண்டாம் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஓனரம்மா வீட்டுச் சமையல்காரம்மா வேலையை முடித்துக் கீழே கேட்டைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு டொக். பிறகு இரண்டு. பிறகு விடாமல்.

கணவனுக்குப் போன் போட்டாள். "உக்காந்துதாங்க இருக்கேன். சத்தியமா உக்காந்துதான் இருக்கேன்."

ஓனரம்மா முடிவே பண்ணிவிட்டாள் போலிருக்கிறது, அவள் வாயைத் திறப்பதற்குள் நீயே போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டுவிடு என்றான் அவன்.

சொல்ல வேண்டியதை ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

ஓனரம்மா கட்டிலில் கிடந்தாள். கட்டுப் போட்ட கால் தலையணை மேல். ஒரு கை நெஞ்சில், இன்னொரு கையில் ஒட்டடைக்கம்பு.

"மன்னிச்சுக்குங்கம்மா. இனிமே நடக்கவே மாட்டேன். வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க."

ஓனரம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை, மூச்சுதான் வாங்கியது. முகமெல்லாம் வியர்த்திருந்தது. கம்பு நடுங்கியது. அந்த நடுக்கம் டீச்சருக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். பயத்தை மறந்து, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு அடங்கிய பிறகுதான் ஓனரம்மாவுக்குப் பேச்சு வந்தது.

"விழுந்ததுலேர்ந்து இப்படித்தான். சமையல்காரி கிளம்பிப் போனதும் நெஞ்சை அடைக்குது. செத்துக் கிடந்தாக்கூட விடிஞ்சாத்தான் தெரியும்னு ஒரு பயம்." மேலே பலகையைக் காட்டினாள். "ஒருநாள் நீ நடக்கிற சத்தம் கேட்டுது. ஒரு அடிக்கு மூச்சை இழுத்தேன், அடுத்த அடிக்கு விட்டேன். யாரும் சொல்லித் தரலை, தானா வந்துது. நீ நடந்து முடிக்கிறதுக்குள்ள தூங்கிப்போயிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்களை அத்தனை பேச்சுப் பேசின வாயால, நீ நடந்தாத்தான் எனக்கு மூச்சு வருதுன்னு எப்படிடி சொல்றது?"

டீச்சருக்கு இன்னும் புரியவில்லை. "அப்ப, கம்பால தட்டினது?"

"'நடக்காதே'ன்னா தட்டினேன்? 'ஏன் நிறுத்திட்டே'ன்னுதான் தட்டினேன்."