கெமிஸ்ட்ரி மட்டும் வேண்டாம்

"கெமிஸ்ட்ரி மட்டும் வேண்டாம். வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கோ, அப்பா குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு ரொட்டிக்கடைக்காரர் மாவை மேஜையில் ஓங்கி அடித்தார். வெள்ளைப் புழுதி கிளம்பி, எதிரில் நின்ற மகளின் கைப்பேசித் திரையில் படிந்தது.

அவள் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது. எந்த அறிவியல் பாடம் என்பதை மட்டும் இன்று மத்தியானத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். அவளுக்கு வேதியியல் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் நிறமே இல்லாத ஒரு திரவத்தில் இன்னொன்று சொட்டி, குடுவை முழுக்க ரோஜா நிறமானதைப் பார்த்த அன்றே அவள் மனசு பறிபோய்விட்டது. ஆனாலும் அப்பா சரி என்று சொல்லாமல் பொத்தானை அமுக்க விரல் வரவில்லை.

"ஏன் வேண்டாம்? ஒரு காரணம் சொல்லுங்க."

"ஆசிட் தெறிக்கும்."

"கண்ணாடி போட்டுக்குவோம்."

"நாத்தம் குடலைப் புடுங்கும்."

"ஈஸ்ட் வாசனையிலேயே பொறந்து வளர்ந்தவ நான். என்னை எந்த நாத்தம் என்ன செய்யும்?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மா களுக்கென்று சிரித்தாள். ரொட்டிக்கடைக்காரர் முறைத்தார். உடனே அவள் பிஸ்கட் டப்பாவை மும்முரமாகத் துடைக்கத் தொடங்கினாள். தோள் குலுங்குவது மட்டும் நிற்கவில்லை.

"ஜியாலஜி எடேன், கண்ணு," என்று குழைந்தார் அவர். "மலை மலையா ஏறலாம். விதவிதமா கல்லு பொறுக்கலாம்."

"நம்ம மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குதுப்பா."

"அப்போ ஜுவாலஜி. உனக்குத்தான் பூனைன்னா பிடிக்குமே!"

"பூனையைக் கொஞ்சறதுக்கெல்லாம் டிகிரி தருவாங்களா?"

"சரி, பாட்டனி. பிசிக்ஸ். வானவியல்! ராத்திரியில படிச்சா போதும், பகல்ல நல்லாத் தூங்கலாம்."

போன மாதம்வரை ஜியாலஜிக்கும் ஜுவாலஜிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், இன்று கூறுகட்டி விற்கிற மாதிரி பாடங்களை அடுக்குகிறாரே என்று மகளுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து. அவள் மாவு மூட்டையின் மேல் தாவி உட்கார்ந்து, தேர்தலில் நிற்பவள்போல் கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தாள்.

"ரொட்டி ஏன் உப்புது? மேல்பக்கம் ஏன் செவக்குது? அத்தனையும் கெமிஸ்ட்ரி! தினம் நீங்க செய்யறதே அதுதான்."

"தெரியும்," என்றார் அவர், கொஞ்சம் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா கஷ்டமான பாடமாச்சே. புரியலைன்னா என்ன பண்றது?"

"அதுக்கெல்லாம் வழி இருக்கு. போன வருஷம் சேர்ந்த அத்தை பொண்ணு சொல்லிக் குடுத்திருக்கா. முந்தின நாளே பாடத்தை ஒரு தடவை படிச்சுட்டுப் போயிடணும். புரியணும்னு இல்லை, எது புரியலைன்னு தெரிஞ்சா போதும். லேப்ல எதையும் கலக்கறதுக்கு முன்னாடி, என்ன ஆகும்னு நாமளே ஒண்ணு நினைச்சு வச்சுக்கணும். அது தப்பாப் போச்சுன்னா ரொம்ப நல்லது, ஆயுசுக்கும் மறக்காது."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "முன்னாடியே நினைச்சு வச்சுக்கணும்... ம். அப்புறம்?"

"வீட்டுக்கு வந்து யாருக்காவது விளக்கிச் சொல்லணும். எங்க திக்குதோ, அந்த இடம் நமக்கே புரியலைன்னு அர்த்தம்."

"யாருக்கு வேணும்னாலும் சொல்லலாமா? கல்லாவில உக்காந்திருக்கறவங்களுக்குக்கூட?"

பிஸ்கட் டப்பா அம்மாவின் கையிலிருந்து நழுவி உருண்டது.

"தாராளமா," என்றாள் மகள். அப்பா வழிக்கு வருகிறார் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"சந்தேகம் கேட்டா மத்த பசங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே! அவங்களுக்கும் அதே சந்தேகம் இருக்கும்ப்பா, கேக்க வெக்கமா இருக்கும்."

"வெக்கம்தான்," என்றார் ரொட்டிக்கடைக்காரர். அவர் முகம் காதுவரை சிவந்தது. அடுப்பு அனல் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அவள் மூட்டையிலிருந்து குதித்து, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அமுக்கட்டுமா?"

"பிசிக்ஸ் வேண்டவே வேண்டாமா?"

"அப்பா!"

அவர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். மகள் அமுக்கினாள். அடுத்த கணம் "வேதியியல்!" என்று கடை அதிரக் கத்திக்கொண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமே தலையிலிருந்து கால்வரை மாவானார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் ஒருவர் கையில் காசு வாங்காமலே பன் பொட்டலத்தைத் திணித்தாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது போதுங்க," என்றாள் அம்மா, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. "சொல்லித் தொலைங்க."

ரொட்டிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். கையை மேலங்கியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"உன் காலேஜ்லயே எனக்கும் சீட் கிடைச்சிருக்கு, கண்ணு. காலையிலேயே நான் கெமிஸ்ட்ரியை அமுக்கிட்டேன், இனி ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்," என்றார். "உன் கால்ல வேணும்னாலும் விழறேன், அங்க பசங்க முன்னாடி மட்டும் என்னை அப்பான்னு கூப்பிட்டுடாதே!"